லாட் 17, மிச்சம் எட்டுக் குப்பி

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை 10.20. எட்டுக் கோடியே தொண்ணூறு லட்சம் செல்கள். உயிரோடு இருப்பவை மட்டும்தான் இந்தக் கணக்கு. நூற்றுக்குப் பன்னிரண்டு செத்திருந்தன, அவற்றைச் சேர்க்கவில்லை. அக்காவுக்குத் தேவை எட்டுக் கோடியே இருபது லட்சம். எடை நாற்பத்தொன்று கிலோ, கிலோவுக்கு இருபது லட்சம்.

புது நோட்டு. பழையது போன வாரம் தீர்ந்தது. பிற்பாடு எடுத்துப் பார்த்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் விவரம் ஒருமுறை மட்டும் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் செல் லேபில் வேலை செய்கிறேன். மூன்று வருடம் ஆகப் போகிறது. என் அக்கா வசுமதி, வயது முப்பத்து நான்கு, அதே ஆஸ்பத்திரியில் நான்காம் மாடித் தனியறையில் படுத்திருக்கிறாள். ரத்தப் புற்று. ஜூன் 20 அன்று என் ரத்தத்திலிருந்து மூலச்செல்களைப் பிரித்து அவளுக்கு ஏற்றினார்கள். பத்துக்குப் பத்து பொருத்தம். "கல்யாணத்துக்குப் பாத்தப்பக்கூட எனக்கு ஏழுதாண்டா பொருந்துச்சு" என்று அன்று சிரித்தாள். புற்று போய்விட்டது. ஆனால் என்னிடமிருந்து போன டி-செல்கள் என்கிற எதிர்ப்புச் செல்களுக்கு அவள் உடம்பு அந்நியமாகத் தெரிகிறது. குடலைத் தாக்குகின்றன. ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்கவில்லை. நேற்று ஒரு நாளில் அவளுக்கு வயிற்றால் போனது 1,900 மில்லி. நர்ஸ் அளக்கிறார், மச்சான் ஒரு தாளில் குறித்து வைக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால் என் செல்கள் என் அக்காவைத் தின்கின்றன.

இன்று ஏற்றியது வேறு செல்கள். மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர், லேபில் எம்.எஸ்.சி. என்போம். யாரோ ஒரு தாய் பிரசவத்தில் கொடுத்த தொப்புள்கொடியிலிருந்து வளர்த்து உறைய வைத்தவை. லாட் 17. மொத்தம் பதினான்கு குப்பி இருந்தது. இன்று இரண்டு போயிற்று. பரிசோதனை எல்லாம் முடிந்து கையில் இருக்கும் லாட் இது ஒன்றுதான்.

சொந்தக்காரருக்கான பையை லேப் ஆள் தொடக் கூடாது என்பது விதி. அதனால் உள்ளே கிளீன் ரூமில் கை வைத்தது எங்கள் லேப் பொறுப்பாளர் பெனாசிர் மேடம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் இன்டர்காமில் சொல்லும் எண்களை எழுதினேன். குப்பியை உருக்கினார், கழுவினார், எண்ணினார், பையில் ஏற்றினார். நாற்பது நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தார். கண்ணாடியைத் தட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டார். "சபரி, மே மாசம் வெச்சீங்கல்ல ஒரு டெஸ்ட்டு, அதுக்கு ரிப்போர்ட் வரவே இல்லீங்களே?"

"எழுதறேன் மேடம்."

2024 ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டாவது டோஸ். எட்டுக் கோடியே நாற்பது லட்சம். நேற்றைய அளவு 1,850. மாற்றம் என்று சொல்ல முடியாது.

மேடம் மே மாதத்து ஃபைலை மறுபடியும் கேட்டார். இப்போது அதுவா முக்கியம்?

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

கவுன், முகக்கவசம், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு அக்கா அறையில் அரை மணி நேரம் இருந்தேன். தோல் வெயிலில் காய்ந்ததுபோலச் சிவந்திருக்கிறது. வாயில் எச்சில் விழுங்கவும் வலி. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அவள்தான் இன்சார்ஜ். பதினோரு வருடமாக மற்றவர்கள் வேலையில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள்.

"உன்ர ஆளுக இன்னைக்கும் அடங்கலையாட்டிருக்குது" என்றாள். "உன்னையாட்டவே இருக்குதுக. போன எடத்துல பொறுமையா உக்கார மாட்டேங்குதுக."

"பேசாமப் படு."

"பேசாமப் படுத்துட்டு எதைய எண்ணறது, சீலிங்கையா? அந்தப் புதுச் செல்லு என்ன பண்ணும், சொல்லு. டாக்டர் சொன்னாரு, ஒன்னும் புரியல. அது போயி என்ர கொடலா மாறிக்குமா?"

மாறாது என்றேன். எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். ஸ்டெம் செல் என்றாலே கிழிந்த இடத்தில் போய் ஒட்டுப்போடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எம்.எஸ்.சி. அப்படி இல்லை. உள்ளே போனதும் பெரும்பாலும் நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். சில நாட்களில் அதுவே காணாமல் போய்விடும். ஆனால் போவதற்குள் வேலையை முடித்துவிடும். சண்டை போடும் டி-செல்கள் இன்டர்ஃபெரான் என்று ஒரு பொருளைக் கக்கும். அது பட்டால்தான் எம்.எஸ்.சி. விழிக்கும். சண்டையே இல்லாத உடம்பில் விட்டால் சும்மா கிடக்கும். விழித்ததும், டி-செல் பெருகுவதற்குத் தேவையான ஒரு சத்தைத் தான் தின்று தீர்த்துவிடும். அந்தப் பக்கம் மேக்ரோஃபேஜ் என்கிற துப்புரவுச் செல்களையும் மாற்றிவிடும். அதுவரை சண்டைக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவை பிறகு சமாதானம் பேச ஆரம்பிக்கும். செத்த எம்.எஸ்.சி.யைத் தின்ற மேக்ரோஃபேஜ்கூட அப்படி மாறுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஒறம்பர வந்தாப்ல" என்றாள்.

"என்ன?"

"ஊட்டுல எனக்கும் உங்க மச்சானுக்கும் சண்டை நடக்குது. அந்நேரத்துக்கு ஒறம்பர, சொந்தபந்தம் வந்து நிக்குது. சண்டை நின்னு போகுமல்ல? அவிங்க ஒன்னும் பஞ்சாயத்துப் பண்றதில்ல. காபி குடிச்சுட்டுப் போயிருவாங்க. போனதுக்கு அப்புறம் மறுக்கா சண்டை போடறதுக்கு எங்களுக்கே ஒருமாதிரி இருக்கும்."

மூலையில் நின்ற மச்சான் லோகநாதன் சிரித்தார். கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுவதும் பேசுகிற வார்த்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். "ஒறம்பர வந்தும் நீ நிறுத்துனதில்ல" என்றார்.

நான் படித்த பாடப் புத்தகங்களில் இவ்வளவு தெளிவாக எவரும் எழுதவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்றாவது டோஸ். எட்டுக் கோடியே எழுபது லட்சம். எண்ணிக்கையில் குறையே இல்லை. இன்றைய அளவு 2,050. ரத்தமும் இருந்தது.

டாக்டர் திருமாறன் வராந்தாவில் நிறுத்தினார். "சபரிநாதன், இது பாதிப் பேருக்குத்தான் வேலை செய்யும். உங்க அக்கா எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. இந்த வாரத்துக்குள்ள திரும்பலேன்னா வேற மருந்துக்குப் போகணும். அதுல கிருமித் தொற்று பயம் அதிகம். அவங்க உடம்பு தாங்குமான்னு யோசிக்கறேன்."

தாங்காது. நாற்பத்தொன்று கிலோ நேற்று முப்பத்தொன்பதரை ஆகிவிட்டது.

மச்சான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாப்ள, லேபுல எல்லாஞ் செரியாத்தான செய்யறீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சும்மா கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் செய்யறோம்" என்றேன்.

2024 ஆகஸ்ட் 14, புதன்

காலை 9.15க்கு மே மாதத்து ஃபைலைத் திறந்தேன்.

அது என்ன டெஸ்ட் என்று எழுதிவிடுகிறேன். லாட் 17-இலிருந்து ஒரு குப்பியை உருக்கி, செல்களை அப்படியே டி-செல்களோடு கலந்து வைத்தேன். இன்னொரு குப்பியை உருக்கி, ஒரு நாள் இன்குபேட்டரில் ஓய்வாக விட்டு, மறுநாள் கலந்து வைத்தேன். டி-செல்களுக்கு முன்பே சாயம் ஏற்றியிருக்கும். ஒவ்வொரு முறை அவை இரண்டாகும்போதும் சாயம் பாதியாகும். ஐந்து நாள் கழித்து மெஷினில் ஓட்டினால், டி-செல் பெருக்கத்தை எம்.எஸ்.சி. எவ்வளவு அடக்கியது என்று தெரியும். லாட்டை வெளியே விடுவதற்கு இந்த டெஸ்ட் கட்டாயம் இல்லை. மேடம் கேட்டதற்காக வைத்தேன். மே 31 அன்று மெஷினில் ஓட்டிவிட்டேன். கணக்குப் போடுவதுதான் பாக்கி. இரண்டு மணி நேர வேலை. சலிப்பான வேலை. ஃபைல் பெயரில் 'பிறகு' என்று சேர்த்து மூடி வைத்தேன்.

இன்று ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன்.

உருக்கியவுடன் கலந்த செல்கள் அடக்கியது 18 சதவீதம்.
ஒரு நாள் ஓய்வுக்குப் பின் கலந்தவை 61.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 18, 61.

உறைநிலையிலிருந்து வந்த செல் உயிரோடுதான் இருக்கிறது. சாயம் போட்டுப் பார்த்தால் உயிரோடு என்றுதான் காட்டும், நாமும் எண்ணிவிடுவோம். ஆனால் குளிரிலிருந்து எழுந்த மயக்கத்தில், இன்டர்ஃபெரான் பட்டாலும் அதற்கு விழிப்பு வருவதில்லை. அக்காவுக்கு இதுவரை இருபத்தாறு கோடி தூங்குமூஞ்சிகளை ஏற்றியிருக்கிறோம்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் நெறிமுறையில் இரண்டு வழிக்கும் அனுமதி உண்டு. உருக்கி உடனே கொடுக்கலாம், ஒரு நாள் ஓய்வு விட்டும் கொடுக்கலாம். ஆகஸ்ட் 5 கூட்டத்தில் மேடம் ஓய்வு விடலாம் என்றார். "ஆதாரம் எங்க மேடம்? ஒரு நாள் எதுக்கு வீணாக்கணும், அவ அங்க செத்துட்டிருக்கா" என்று டாக்டர் முன்னால் கத்தியது நான். டாக்டர் என் பக்கம் சாய்ந்தார். நான் கேட்ட ஆதாரம் அப்போதே என் கம்ப்யூட்டரில் 'பிறகு' என்ற பெயரில் இருந்தது.

11.10க்கு மேடத்திடம் தாளை நீட்டினேன். படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தன குப்பி மிச்சம்?" என்றார்.

"எட்டு."

"ஓய்வு விட்டா கொஞ்சம் ஃப்ளாஸ்க்குல ஒட்டாமச் சாகும். டோஸுக்கு மூணு வேணும். அப்ப ரெண்டு டோஸ்தான். வாங்க, டாக்டர்கிட்டப் போலாம்."

"மேடம், நான்தான்..."

"தெரியும். ரிப்போர்ட் வராமலே லாட்டை அனுப்பிக் கையெழுத்துப் போட்டது நானு. அதையும் சேத்து எழுதுங்க. இப்ப நடங்க."

டாக்டர் திருமாறன் நான் சொன்னதை முழுதும் கேட்டார். முகம் இறுகியது. "உங்க அக்காகிட்டயும் இதச் சொல்லணும்" என்றார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நான் சொல்கிறேன் என்றேன்.

2024 ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். ஆஸ்பத்திரி வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். லேபுக்கு விடுமுறை. மேடம் உக்கடத்திலிருந்து எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவர் மகளுக்கு இன்று பள்ளியில் நடனமாம். அதைப் பார்க்காமல் வந்ததாக அவர் சொல்லவில்லை, போனில் மகளைச் சமாதானப்படுத்தியதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

மூன்று குப்பி. உருக்கி, வளர்ப்பு நீரோடு ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, இன்குபேட்டருக்குள் வைத்தார். மணி 9.50. இனி நாளைக் காலை வரை ஒன்றும் செய்வதற்கில்லை.

"ஒரு தடவ மைக்ரோஸ்கோப்புல பாத்துரலாங்களா?" என்று பதினோரு மணிக்குக் கேட்டேன்.

"வேண்டாம்."

ஒரு மணிக்கு மறுபடியும் கேட்டேன்.

"சபரி, கதவைத் திறந்தா சூடு எறங்கும், காத்து மாறும். இப்பத்தான் குளுருல இருந்து வந்திருக்குதுங்க. நீங்க பாக்கறதுனால ஒன்னுகூடச் சீக்கிரமா ஒட்டாது."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மதியம் முழுவதும் இன்குபேட்டரின் முன்னால் உட்கார்ந்து வெளியே தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 37.0. 37.0. 36.9. 37.0. கதவைத் திறக்கவில்லை. இன்று நான் செய்த வேலை அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 16, வெள்ளி

ஒட்டியிருக்கின்றன.

மேடம் திரையில் காட்டினார். நேற்று உருண்டை உருண்டையாக மிதந்தவை இன்று தரையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் நூல்போல நீண்டு கிடக்கின்றன. அக்கா பார்த்தால் நூல் தரம் பரவாயில்லை என்பாள்.

காலை 10.40. எட்டுக் கோடியே பத்து லட்சம். உயிரோடு இருப்பவை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. இப்போதைய எடைக்கு இது போதும். 11.30க்கு ஏற்றியாயிற்று.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. கண்ணை மூடியே படுத்திருந்தாள்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

1,640. ஒரு எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

1,300. ரத்தம் இல்லை. ஓய்வு கொடுத்த செல்களில் இரண்டாவது டோஸ், எட்டுக் கோடியே முப்பது லட்சம். நேற்று மேடம் உருக்கினார். நேற்று முழுவதும் இன்குபேட்டர் இருந்த அறைப் பக்கமே போகவில்லை. மேடம் அதைக் கவனித்தார். "பரவால்லீங்களே" என்றார்.

மிச்சம் இரண்டு குப்பி. அது ஒரு டோஸுக்குப் போதாது, இனி கொடுக்க ஒன்றும் இல்லை. லாட் 18-க்குக் கிருமிப் பரிசோதனை முடிய இன்னும் மூன்று வாரம்.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளி

820. மச்சான் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லேப் வாசலில் வந்து நின்றார். போனில் சொல்லியிருக்கலாம். நான்கு மாடி இறங்கி, அடுத்த கட்டடத்துக்கு நடந்து வந்து, தாளைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

சொன்னேன்.

இரண்டு வாய் கஞ்சி குடித்து முடித்திருந்தாள். நன்றாக இருக்கும்போது சொல்ல வேண்டாம் என்று ஒரு மனது. முடியாமல் கிடந்தபோதும் அதே மனதுதான் வேண்டாம் என்றது. ஆக, அந்த மனதின் பேச்சைக் கேட்டுப் பயனில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதத்து டெஸ்ட், ஃபைல், கூட்டத்தில் கத்தியது, 18, 61.

முடித்ததும் கேட்டாள். "எத்தன நாளு சும்மா கெடந்துச்சு அந்த ஃபைலு?"

"எழுபத்தஞ்சு."

"நீ எனக்கு ரத்தம் குடுக்கறதுக்கு ஊசி போட ஆரம்பிச்சது எப்ப?"

"ஜூன் பதினஞ்சு."

"அப்ப அதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் உனக்கு நேரமிருந்திருக்குது."

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் டோனராக இருந்தேன், லீவில் இருந்தேன் என்று சொல்லலாம் என வைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் எட்டிப் பிடித்துவிட்டாள்.

"ஆமா" என்றேன்.

"எங்க கம்பெனியா இருந்தா இன்ஸ்பெக்சன் ரிப்போர்ட் எழுதாம லாட்ட அனுப்புனவனை அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பியிருப்பேன். அது வெறும் பனியனு. தையல் பிரிஞ்சா ஒருத்தனும் சாகமாட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்தப் பத்து நாளு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நீ தாள்ல நம்பராத்தான் பாத்த. ஒரு நா ராத்திரி உங்க மச்சாங்கிட்ட, என்னைய விட்ருங்கன்னு சொன்னேன். தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"போ" என்றாள். "இப்பப் போ. எனக்கு இன்னைக்கு உன்ர மூஞ்சியப் பாக்க வேண்டாம்."

வந்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 26, திங்கள்

620. நான் போகவில்லை.

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

450. மதியம் மச்சான் போன் செய்தார். "மாப்ள, அவ உங்களைய வரச் சொல்றா. பேனாவும் நோட்டும் கொண்டாரணுமாம்."

போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வெளுத்துத் தோல் உரிகிறது. 'உக்காரு' என்று சொல்லவில்லை, நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

"நேத்துப் பூரா யோசிச்சேன். உன்ர டெஸ்ட்டு இல்லாட்டி அவிங்க என்ன பண்ணியிருப்பாங்க? அஞ்சாவது டோஸையும் அதேமாதிரி உருக்கி உருக்கி ஏத்தியிருப்பாங்க. செரியா?"

"இருக்கலாம்."

"அந்த டெஸ்ட்ட வெச்சதும் நீதான். அமுக்கி வெச்சதும் நீதான். ரெண்டையும் ஒரே ரிப்போர்ட்ல எழுது. எனக்கு அடுத்து இந்தக் கட்டல்ல ஒருத்தி வந்து படுப்பா. அவளுக்கு மொத டோஸே முழிச்ச செல்லாப் போகோணும்." பிறகு, "உம்மேல கோவம் போகல. ஊட்டுக்குப் போனதுக்கு அப்புறம் பொறுமையா வெச்சுத் திட்டறேன். இப்பத் தெம்பில்ல. எழுது" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, நேரம், எண், தவறு, தவறுக்குப் பொறுப்பு, திருத்தம். ஒரு பனியன் கம்பெனியின் படிவம் எங்கள் லேப் படிவத்தைவிட நன்றாக இருக்கிறது. 'பொறுப்பு' என்ற கட்டம் எங்கள் படிவத்தில் கிடையாது.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். குரல் பழையபடி கட்டளை போடுகிறது. எழுதிக்கொண்டிருந்த பக்கம் இரண்டு இடத்தில் நனைந்துவிட்டது. முகக்கவசத்துக்குள் வியர்வை என்றேன். ஏசி 22-இல் ஓடிக்கொண்டிருந்தது.

2024 செப்டம்பர் 2, திங்கள்

200. கெட்டியாக. இதை இவ்வளவு சந்தோஷமாக எவனாவது நாட்குறிப்பில் எழுதியிருப்பானா?

டாக்டர் திருமாறன் சொன்னார். "செல்லுதான் காரணமான்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டும் மெதுவா வேலை செஞ்சிருக்கலாம். ஒரு நோயாளிய வெச்சு எதுவும் நிரூபணமாகாது." சரிதான். நானும் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நன்றி சொல்ல நிரூபணம் தேவையில்லை என்பதால் அவருக்கும் சொன்னேன். அவருக்கு அது எதிர்பாராதது போலிருக்கிறது. மூன்று வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் நன்றி என்றார்.

2024 செப்டம்பர் 5, வியாழன்

ரிப்போர்ட்டில் லாட் 17-இன் வரலாறு சேர்க்க வேண்டும். பழைய பதிவேட்டை எடுத்தேன். கொடையாளியின் பெயர் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. குறி எண் மட்டும் இருக்கும். தொப்புள்கொடி வந்து சேர்ந்த நாள்: 21.10.2022, வெள்ளி. நேரம்: மாலை 5.25. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

எனக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடினேன். இருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

'வெள்ளி. திங்கட்கிழமை தீபாவளி. 6 மணி தாராபுரம் பஸ்ஸில் சீட் போட்டிருந்தேன். பையைத் தோளில் மாட்டி வாசலுக்கு வந்தால் பெட்டியோடு ஒருவன் நிற்கிறான். தொப்புள்கொடி. எடுத்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. தாமதம் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். பெனாசிர் மேடம் இருபத்து நாலு வரைக்கும் எடுக்கலாம், கையுறையை மாட்டுங்க என்றார். எட்டு மணி வரை உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டினேன். பஸ் போச்சு. எவளோ பிள்ளை பெற்றதற்கு நான் நின்றுகொண்டே ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. உருப்படாத கொடி. இதிலிருந்து ஒன்றும் வளரப் போவதில்லை.'

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

2024 செப்டம்பர் 6, வெள்ளி

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடை முப்பத்தெட்டு. சக்கர நாற்காலி வேண்டாம் என்று அடம்பிடித்து, லிஃப்ட் வரை நடந்து, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

காருக்காகக் காத்திருக்கும்போது பழைய நோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மேடமும் வழியனுப்ப வந்திருந்தார். அக்கா படித்தாள். 'எவளோ பிள்ளை பெற்றதற்கு' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப என்ன வயசிருக்கும்?"

"ரெண்டு ஆகப் போகுது."

"நடக்கும். பேசும். அதையுங் குடு இதையுங் குடுன்னு அம்மாளப் புடுங்கீட்டிருக்கும்" என்றாள். "அவளுக்குத் தெரியவா போகுது, அவ புள்ள பொறந்தன்னைக்கு அறுத்துப் போட்டதுல ஒருத்தி எந்திரிச்சு நடக்கறான்னு."

"வெட்டுனது உங்க தம்பிதானுங்க" என்றார் மேடம். "திட்டிக்கிட்டே வெட்டுனாரு. ஆனா சுத்தமா வெட்டியிருந்தாரு. அந்த வருசம் வந்ததுலயே நல்லா வளந்த லாட்டு அதுதான்."

மேடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், "லாட் 18 கிருமி ரிசல்ட் எப்ப மேடம் வரும்?" என்றுதான் வந்தது. "வர்றப்ப வரும்" என்றார். அக்கா சிரித்தாள். உதடு வெடித்துச் சின்னதாக ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டாள். கார் வந்தது. மச்சான் முன்சீட்டில் கோப்பு முழுவதையும் மடியில் வைத்துக்கொண்டார். மேலேயே இருந்தது, எண்கள் எழுதிய அந்தத் தாள்.

கார் போன பிறகு லேபுக்குத் திரும்பி நடந்தேன். அவளுக்குள் ஓடும் ரத்தம் முழுவதும் இப்போது என்னுடையது. அந்தத் தாயின் செல்கள் அநேகமாக ஒன்றுகூட மிச்சமில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டன. ஆனால் என் ஆட்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பெனாசிர் மேடத்துக்கு நன்றி. வாயால் வராது, எழுதிக் கொடு. ஆகஸ்ட் 5 அன்று கத்தியதற்கு மன்னிப்பும் அதே தாளில்.
2. லாட் 18-க்கு அதே டெஸ்ட். ஐந்தாம் நாள் மெஷினில் ஓட்டினால் அன்றைக்கே கணக்கு, அன்றைக்கே ரிப்போர்ட்.
3. 'பிறகு' என்று பெயர் வைத்த ஃபைல் இன்னும் நான்கு இருக்கிறது. திங்களுக்குள் முடி.
4. லேப் படிவத்தில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் சேர்க்கக் கேள். அக்கா எழுதச் சொன்ன மாதிரியைக் காட்டு.
5. மச்சானிடம் போய், அன்று படிக்கட்டில் சொன்னது பொய் என்று சொல்.
6. அக்கா கூப்பிட்டதும் திட்டு வாங்கப் போ. முடியும் வரை உட்கார். நடுவில் கடிகாரத்தைப் பார்க்காதே.
7. அந்தத் தாய்க்கு ஒரு கடிதம். பெயர், ஊர், நோய் எதுவும் இல்லாமல். கொடைக்கு ஒப்புதல் வாங்கும் நர்ஸ் வழியாகப் போகும் என்கிறார்கள், போகாமலும் இருக்கலாம். எழுது.
8. மிச்சம் இருக்கும் இரண்டு குப்பியோடு லாட் 18-உம் சேர்ந்து அடுத்து வருகிறவளுக்கு. ஒரு நாள் ஓய்வு விட்டுத்தான்.
9. வெள்ளிக்கிழமை மாலை 5.25க்கு எவன் பெட்டியோடு வந்து நின்றாலும், தோளிலிருந்து பையை இறக்கி வை. கையுறையை மாட்டு.